தகிட தகிட தக: வாசகர் கேள்வி – பதில்

மேற்கத்திய பாப் குழுக்கள் ஜமைக்காவின் டான்ஸ்ஹாலையும் நியூயார்க்கின் ஹிப்-ஹாப்பையும் எடுத்தாளும் விதம் பற்றி மதுரை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நோ டவுட், பிளாக் ஐட் பீஸ், மரூன் 5, கிளீன் பேண்டிட் நாலுமே டான்ஸ்ஹால், ஹிப்-ஹாப் கலந்த பாப் குழுக்கள்தான்னு ஹாஸ்டல்ல ஒருத்தன் அடிச்சுச் சொல்றான். உண்மையிலேயே உள்வாங்கினது யாரு, மேலாகத் தூவினது யாரு? எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பாடுகிறவரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ட்ரம்ஸை மட்டும் கேளுங்கள். ஒரு பாரை, அதாவது நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றை, 16 கட்டமாகப் பிரித்து, ஒன்று முதல் பதினாறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். ஸ்நேர் (‘டப்’ என்று கூர்மையாக ஒலிக்கும் ட்ரம்) 5, 13 ஆகிய கட்டங்களில் விழுந்தால் அடியில் ஓடுவது ஹிப்-ஹாப், அல்லது சாதாரண ராக். 7, 15 இல் விழுந்தால் டான்ஸ்ஹால். தள்ளி விழுவது இரண்டே கட்டம்தான். ஆனால் தலையாட்டிக் கேட்ட பாட்டு இடுப்புக்கு இறங்குவது அந்த இரண்டு கட்டத்தில்தான். 1 ஆம் கட்டம் காலியாக இருந்து, கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ரிம் ஷாட்டும் (ட்ரம்மின் விளிம்பில் விழும் அடி) சேர்ந்து 9 இல் மட்டும் இறங்கினால் அது டான்ஸ்ஹாலுக்குத் தகப்பன் முறையான ரெகே. ஜமைக்காக்காரர்கள் அதை ‘ஒன் டிராப்’ என்பார்கள்.

அடுத்தது வேகம். ரெகே பெரும்பாலும் 70 முதல் 80 பி.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்ற கணக்கு), பழைய ஹிப்-ஹாப் 85 முதல் 95, டான்ஸ்ஹால் 90 முதல் 105. இன்றைய ட்ராப் வகை ஹிப்-ஹாப்பை போன் செயலி 140 என்று காட்டும். காலால் தட்டிப் பார்த்தால் 70 தான் வரும். செயலி சொல்வதை அப்படியே நம்பி இரண்டு பாட்டை ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

இனி நீங்கள் கேட்ட குழுக்கள். நோ டவுட் 1986 இல் கலிபோர்னியாவின் அனஹைமில் ஸ்கா என்ற ஜமைக்க இசை வகைக் குழுவாகத் தொடங்கியது. ஸ்காவிலிருந்து பிறந்ததுதான் ரெகே, அதிலிருந்து வந்தது டான்ஸ்ஹால். அதனால் 2001 இல் ‘ராக் ஸ்டெடி’ ஆல்பத்துக்காக ஜமைக்காவுக்கே போய்ப் பதிவு செய்தபோது, அவர்கள் தங்கள் தாளத்தின் பாட்டன் வீட்டுக்குத்தான் போனார்கள். ‘ஹே பேபி’ பாட்டைத் தயாரித்தது ஸ்லை டன்பர், ராபி ஷேக்ஸ்பியர் ஜோடி. ட்ரம்ஸும் பேஸும் வாசித்து ஜமைக்க இசையின் முதுகெலும்பாக இருந்தவர்கள். நடுவில் வரும் பவுண்டி கில்லரின் குரல் கிங்ஸ்டன் டான்ஸ்ஹாலின் அசல் குரல். ‘அண்டர்னீத் இட் ஆல்’ பாட்டில் ஜமைக்கப் பாடகி லேடி சா. இரண்டு பாட்டுக்கும் அடுத்தடுத்து கிராமி கிடைத்தது. குழுவில் பேஸ் வாசிக்கும் டோனி கனால் இந்தியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். அவருடைய விரலைத் தனியாகக் கவனியுங்கள். எந்த இடத்தில் வாசிக்காமல் விடுகிறார் என்பதில் இருக்கிறது அவர் கற்ற வித்தை.

பிளாக் ஐட் பீஸ் வந்த பாதை நேர் எதிர். லாஸ் ஏஞ்சலஸில் சுத்தமான ஹிப்-ஹாப் குழுவாக 1998 இல் முதல் ஆல்பம் போட்டவர்கள், ஃபெர்கி சேர்ந்த பிறகு 2003 இன் ‘எலிஃபங்க்’ ஆல்பத்தில் பாப்புக்கு வந்தார்கள். ஆகவே அவர்கள் ஹிப்-ஹாப்பைக் கடன் வாங்கவில்லை. அது அவர்கள் வீட்டுச் சொத்து, கடன் வாங்கியது பாப் மெட்டைத்தான். அதே ஆல்பத்தின் ‘ஹே மாமா’வில் டான்ஸ்ஹால் உண்டு. அதற்குக் குரல் கொடுத்தவர் பிரிட்டனின் ரெகே டீஜே (தாளத்தின் மேல் பேசிப் பாடுகிறவர்) டிப்பா ஐரி. அந்த ஒரு பாட்டில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆல்பம் முழுக்க என்று பார்த்தால் டான்ஸ்ஹால் அவர்களுக்கு விருந்தாளிதான்.

மரூன் 5 குழுவின் ‘ஒன் மோர் நைட்’ 2012 இல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. உலகமே ஆடிய ‘கங்னம் ஸ்டைல்’ அங்கே இரண்டாம் இடத்தைத் தாண்ட முடியாமல் போனது இந்தப் பாட்டால்தான். இதில் இரண்டு அடிக்கு நடுவே ‘சக், சக்’ என்று வெட்டும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) ரெகேவுடையது. மற்றதெல்லாம் பளபளப்பான பாப். கடன் கையளவுதான், ஆனால் வாங்கியதைச் சரியான இடத்தில் வைத்தார்கள்.

கிளீன் பேண்டிட் கேம்பிரிட்ஜில் உருவான குழு. செல்லோ வாசிப்பவர் உள்ள பாப் குழு என்பதே அபூர்வம். 2016 இல் ஷான் பால், ஆன்-மேரி இருவரையும் வைத்துச் செய்த ‘ராக்கபை’ அந்த ஆண்டு பிரிட்டனின் கிறிஸ்துமஸ் முதலிடப் பாட்டானது. ஷான் பாலின் குரலை எடுத்துவிட்டாலும் அந்தப் பாட்டின் அசைவு போகாது. இதுதான் உங்களுக்கு உதவும் இன்னொரு சோதனை: விருந்தினர் குரல் வரும் பகுதியை விட்டுவிட்டு மற்ற இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். அப்போதும் உடம்பு அதே மாதிரி அசைந்தால் தாளத்தை வாங்கியிருக்கிறார்கள். அசையவில்லை என்றால் நாக்கை மட்டும்தான் வாங்கியிருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிங்கின் பார்க் 2000 இல் ‘ஹைப்ரிட் தியரி’ வெளியிட்டபோது ராப் பாடுகிறவரும் டிஜேயும் குழுவின் நிரந்தர உறுப்பினர்கள். பணம் கொடுத்து அழைத்த விருந்தினர்கள் கிடையாது. 2004 இல் ராப் பாடகர் ஜே-ஸீயின் பாட்டுகளோடு தங்கள் பாட்டுகளைப் பின்னியபோது தையல் வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். ட்வென்டி ஒன் பைலட்ஸ் இரண்டே பேர். பாடுகிற டைலர் ஜோசப்பே ராப்பும் செய்கிறார். ‘ரைடு’ பாட்டில் ரெகே வெட்டும் ராப்பும் ஒரே ஆளின் மூச்சில் வருகின்றன.

என் வரிசை இது: டான்ஸ்ஹாலை உள்வாங்கியதில் நோ டவுட் முதலில், கிளீன் பேண்டிட் அடுத்து. ஹிப்-ஹாப்பில் பிளாக் ஐட் பீஸை ஒப்பீட்டிலேயே சேர்க்கக் கூடாது. வெளியிலிருந்து வந்து வாங்கியவர்களில் லிங்கின் பார்க் முதலிடம். மரூன் 5 கெட்டிக்காரத் தூவல்.

அண்ணே, கோயில் திருவிழாக் கச்சேரிகளில் எலக்ட்ரானிக் ட்ரம் பேட் வாசிக்கிறேன். டான்ஸ்ஹால் பீட் எவ்வளவு முயன்றாலும் நம்ம ஊர் குத்து மாதிரியே வருது. எங்கே தப்பு?
– பேட் கலைஞர், திருமங்கலம்

உங்கள் கை பழகிய திஸ்ர நடைதான் (மூன்று மூன்றாக ஓடுவது) இழுக்கிறது. வேறு கோளாறு எதுவும் இல்லை.

டான்ஸ்ஹாலின் அடிப்படை எட்டுக் கட்டத்துக்குள், அதாவது அரை பாருக்குள், மூன்று அடி: 3+3+2. சொல்கட்டாகச் சொன்னால் தகிட தகிட தக. மூன்று ‘த’ மேலும் அடி விழ வேண்டும், அதாவது 1, 4, 7. முதல் இரண்டு இடைவெளியும் மூன்று கட்டம், கடைசி இரண்டு கட்டம். நம்ம ஊர் ஆட்டத் தாளங்கள் பலவும் திஸ்ரத்தில் ஓடுவதால், கை அந்த மூன்று அடியையும் சம தூரத்தில் பரப்பிவிடப் பார்க்கும். அங்கேதான் டான்ஸ்ஹால் குத்தாக மாறுகிறது.

எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்காகவே பாருங்கள். 96 பி.பி.எம். வேகத்தில் ஒரு கட்டம் சுமார் 156 மில்லி விநாடி. மூன்றாவது அடி தொடக்கத்திலிருந்து 937 மில்லி விநாடியில் விழ வேண்டும். சமமாகப் பரப்பினால் 833 லேயே விழுந்துவிடும். பத்தில் ஒரு பங்கு விநாடி முந்திவிட்டது. இரண்டாவது அடியும் 50 மில்லி விநாடி முந்தும். கூட்டத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, கால் மட்டும் சொல்லிவிடும்.

சரிசெய்ய ஒரு வழி. பேடைத் தொடாமல் ஒரு வாரம் வாயால் சொல்லுங்கள். மெட்ரோனோமை 70 இல் வைத்துக் காலைத் தட்டிக்கொண்டே தகிட தகிட தக. கால் விழ வேண்டிய இடம் முதல் ‘த’, பிறகு இரண்டாவது தகிடவின் ‘கி’. இந்த ‘கி’யில்தான் சூட்சுமம். கை ‘த’வில் அடித்த உடனே கால் ‘கி’யில் இறங்க வேண்டும். காலும் கையும் சேர்ந்து விழுந்துவிட்டால் நீங்கள் மறுபடி திஸ்ரத்துக்குப் போய்விட்டீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். 70 இல் மூன்று நிமிடம் நழுவாமல் ஓடினால் 4, 4 ஆக வேகத்தைக் கூட்டி 96 வரை போங்கள்.

பிறகு பேட். எட்டுப் பேட் உள்ள கருவியில் கீழ் வரிசை இடது ஓரம் கிக், வலது ஓரம் ஸ்நேர், அதன் மேலே ரிம் ஷாட், மேல் வரிசையில் கைதட்டல் ஒலி ஒன்று, டிம்பாலே (கணீரென்று ஒலிக்கும் சின்ன ட்ரம்) ஒன்று. இவ்வளவு போதும். முதல் வகை: 1 கிக், 4 கிக், 7 ஸ்நேர். 1990களின் ஜமைக்கப் பாட்டுகளில் அதிகம் கேட்பது. இரண்டாம் வகை: கிக் 1, 5 இல் நேராக நடக்கும், ஸ்நேர் 4, 7 இல். ஷாபா ரேங்க்ஸ் 1990 இல் பாடிய ‘டெம் போ’ பாட்டின் பெயரால் இதை டெம்போ என்றே அழைக்கிறார்கள் (வேகத்தைக் குறிக்கும் டெம்போ வேறு). ஸ்பானிஷ் மொழிப் பாப்பில் பெரும்பகுதி இன்று இந்த இரண்டாம் வகையில்தான் நிற்கிறது.

ஸ்நேர் ஒலியைக் குட்டையாக வையுங்கள். ரிவெர்ப் (எதிரொலி) போட்டு இழுத்தால் 7 இல் விழுந்த அடி அடுத்த 1 வரை நீண்டு, நடுவிலுள்ள வெற்றிடத்தை மூடிவிடும். 8 ஆம் கட்டத்தில் எதுவும் வாசிக்காதீர்கள். நான்கு பாருக்கு ஒருமுறை உருட்டல் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். எட்டுப் பாருக்கு ஒருமுறை டிம்பாலேயில் இரண்டே அடி, போதும். கூட்டம் விசில் அடிக்கும்போது கை துறுதுறுக்கும். அப்போதுதான் அடக்கிப் பிடிக்க வேண்டும்.

டான்ஸ்ஹால் என்பது ஹிப்-ஹாப்பின் ஜமைக்கப் பதிப்பு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதானா?
– பள்ளி ஆசிரியை, மேலூர்

வரலாறு ஏறத்தாழ தலைகீழ். ஜமைக்காவில் 1950களிலிருந்தே தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு போட்டு ஆடும் சவுண்ட் சிஸ்டம் வழக்கம் இருந்தது. இசைத்தட்டின் மேல் தாளத்தோடு பேசுகிறவர்தான் அங்கே ‘டீஜே’. தட்டு மாற்றுகிறவர் ‘செலக்டர்’. கிங்ஸ்டனில் பிறந்து சிறுவயதில் நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபோன டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520 ஆம் எண் குடியிருப்பில் நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் செய்தது, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டியது. டான்ஸ்ஹால் ஜமைக்காவில் தனி வகையாக உருவானது 1970களின் இறுதியில். இரண்டும் ஒரே சவுண்ட் சிஸ்டம் வழக்கத்தில் பிறந்த பிள்ளைகள். பிற்பாடு ஒன்றிலிருந்து ஒன்று நிறையவே எடுத்துக்கொண்டன.

எங்கள் குழுவில் பழைய கேசியோ ஒன்றுதான் இருக்கு. அதில் டான்ஸ்ஹால் வருமா, சின்தசைசர் வாங்கித்தான் ஆகணுமா?
– கீபோர்டு வாசிப்பவர், சோழவந்தான்

டான்ஸ்ஹாலை மின்னணுக் காலத்துக்குள் இழுத்து வந்ததே ஒரு கேசியோதான். 1981 இல் வந்த எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ‘ராக்’ என்ற பெயரில் ஒரு தயார் தாளமும் பேஸும் இருந்தன. அதை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற ஜப்பானியப் பெண். கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வே எழுதியவர். அந்தப் பொத்தானை அழுத்திக் கிடைத்த தாளத்தை, வேகத்தைக் குறைத்து, ஜமைக்கத் தயாரிப்பாளர் கிங் ஜாமி 1985 இல் வேன் ஸ்மித்தின் குரலில் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ ஆக்கினார். அதன் பிறகு ஜமைக்காவில் ஸ்டுடியோ முழுக்க வாத்தியக்காரர்களை உட்கார வைக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

உங்களிடம் இருப்பது எந்த மாடலாக இருந்தாலும், ரெகே என்று இருக்கும் தயார் தாளத்தை எடுத்து 96 க்கு ஏற்றிப் பாருங்கள். வலது கையால் ஆர்கன் ஒலியில் ஆஃப்-பீட் கார்டு, அதாவது 3, 7, 11, 15 ஆம் கட்டங்களில். சாவியைத் தொட்ட உடனே எடுத்துவிட வேண்டும், அமுக்கி வைத்தால் பஜனைப் பாட்டாகிவிடும். ஒலியை நீட்டும் சஸ்டெயின் அணைந்திருக்கட்டும். இடது கை பேஸில் 1 ஆம் கட்டத்தை இரண்டு பாருக்கு ஒருமுறை விட்டுவிடுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

இந்த பீட்டுக்குத் தமிழில் ராப் எழுதினால் ஒட்ட மாட்டேங்குது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒட்டுது. தமிழ் இதற்குச் சரிப்படாதா?
– வாசகர், உசிலம்பட்டி

சரிப்படும். ஆங்கில ராப்பைக் காதில் வைத்துக்கொண்டு தமிழை அதன் அச்சில் ஊற்றுவதால்தான் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் சொல்லுக்குள் ஒரு அசை அழுந்தும், மற்றது மெலியும். தமிழில் அந்த அழுத்தம் கிடையாது, குறிலும் நெடிலும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆகவே தாளக் கட்டத்தை மாத்திரையால் நிரப்பிப் பாருங்கள்.

3+3+2 க்குள் உட்காரும் ஒரு வரி:

பொழுது விடியும் முன்
மலரின் எடையும் பொன்

பொ-ழு-து மூன்று கட்டம், வி-டி-யும் மூன்று கட்டம், ‘முன்’ கடைசி இரண்டு கட்டத்தையும் பிடித்து நிற்கும். அடுத்த வரியும் அப்படியே. ஸ்நேர் ‘முன்’, ‘பொன்’ மேல் சரியாக விழும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை மல்லிகை விலை கேட்டவர்களுக்கு இந்த வரிக்கு உரை தேவையில்லை. இதே இடத்தில் ‘காலையில் பூக்கடையில்’ என்று எழுதிப் பாருங்கள். ‘கா’வும் ‘பூ’வும் இரண்டிரண்டு கட்டம் கேட்கும், சொல் 7 ஐத் தாண்டி ஓடும், நீங்கள் அவசரமாக விழுங்குவீர்கள். விழுங்கியதுதான் ‘ஒட்டவில்லை’ என்று காதில் கேட்கிறது.

ஆங்கில ராப்புக்குக் கடைசி ஒலி ஒத்துப்போவது உயிர். அதற்கு நம்மிடம் இயைபு இருக்கிறது. அதோடு மோனையும் எதுகையும் நம் கையில் இருக்கும் கூடுதல் ஆயுதம். மோனையைக் கிக் மேலும், இயைபை ஸ்நேர் மேலும் வையுங்கள். ஒரு பாரில் 8 முதல் 12 எழுத்து வசதியாக இருக்கும், 16 வைத்தால் வேகப்பாட்டு. நான்கு பாருக்கு ஒருமுறை கடைசி இரண்டு கட்டத்தைக் காலியாக விடுங்கள். மூச்சு அங்கேதான் எடுக்க முடியும். மேடையில் பாதி வரி காணாமல் போவது மூச்சுக்கு இடம் விடாமல் எழுதுவதால்தான்.

மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா 2006 இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கேளுங்கள். தமிழ்ச் சொல்லை அதன் நீளத்திலேயே நிறுத்தும் வித்தை அதில் இருக்கிறது.

சவுண்ட் சர்வீஸ் நடத்துறோம். இந்த மாதிரிப் பாட்டு போட்டால் மண்டபத்தில் ‘ஙொய்ங்’னு ஒரே இரைச்சல், வெளியில் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் பேஸே காணோம். போன மாதம் ஒரு 18 இஞ்ச் ஸ்பீக்கர் காயில் கருகிப் போச்சு.
– அலங்காநல்லூர்

மூன்றும் மூன்று நோய்.

குழாய் ஸ்பீக்கர் பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேசாது. இந்தப் பாட்டுகளின் பேஸ் 40 முதல் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. வால்யூமை ஏற்றினால் பேஸ் வராது, பாடகரின் குரல் கிழியும். குழாயில் இந்த வகைப் பாட்டைப் போடாதீர்கள். கட்டாயம் என்றால் கைதட்டலும் ஸ்நேரும் முன்னுக்கு நிற்கும் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். ஷான் பாலின் ‘கெட் பிஸி’ மாதிரி. லென்கி மார்ஸ்டன் அமைத்த அந்தத் தாளத்துக்குப் பெயரே ‘தீவாளி’. கைதட்டலே அதன் முகம், சின்ன ஸ்பீக்கரிலும் பிழைத்துவிடும்.

மண்டப இரைச்சலுக்குக் காரணம் டைல்ஸ் தரை, வெறும் சுவர், இரண்டு பக்கமும் பிரித்து வைத்த பேஸ் பாக்ஸ். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இடது பாக்ஸுக்கும் வலது பாக்ஸுக்கும் உள்ள தூரம் மூன்றரை மீட்டர் வித்தியாசப்படும் நாற்காலியில் இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். நடுவில் இடிக்கும், ஓரத்தில் ஒன்றும் இருக்காது. ஓரத்தில் இருப்பவர் கேட்கவில்லை என்பார், நீங்கள் ஏற்றுவீர்கள், நடுவில் அறை குலுங்கும். பேஸ் பாக்ஸ் எல்லாவற்றையும் மேடைக்குக் கீழே ஒரே இடத்தில் சேர்த்து அடுக்குங்கள். டாப்புக்கும் பேஸுக்கும் ஒலியைப் பிரித்துவிடும் கிராஸ்ஓவர் 90 ஹெர்ட்ஸ் அளவில். மைக் சேனல் ஒவ்வொன்றிலும் 120 க்குக் கீழே வெட்டு. பேஸில் 35 க்குக் கீழே வெட்டு. 200 முதல் 300 வரை ஈக்வலைசரில் 3 டெசிபல் குறையுங்கள், அந்த ‘ஙொய்ங்’ பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். ஒரு பாக்ஸின் வயர் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பாக்ஸாகக் கூட்டும்போது பேஸ் குறைந்தால் அதுதான் மாறியிருக்கிறது.

காயில், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், கருகியது ஏன்? சினிமாப் பாட்டின் கிக் தட்டிவிட்டு நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஹிப்-ஹாப்பில் 808 எனப்படும் பேஸ் ஒன்றிரண்டு விநாடி விடாமல் நீளும் (1980 இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 கருவியின் பெயர்தான் அது). ஜெனரேட்டரில் ஓடும்போது வோல்டேஜ் தொய்ந்து ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆகும், அந்த வெட்டுப்பட்ட ஒலி காயிலைத் தொடர்ந்து சூடாக்கும். ஒலி அளவு மீறாமல் பிடித்து வைக்கும் லிமிட்டர் போடுங்கள். கிளிப் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலிருந்து 3 டெசிபல் குறைத்துவிட்டு அன்றிரவு அதைத் தொடாதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கே தடை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். பேஸ் மற்ற ஒலிகளைவிடத் தூரம் போகும், முதலில் புகார் வருவது அதனால்தான்.

இதெல்லாம் அடுத்தவன் பாட்டைத் திருடுவதுதானே? இதற்கு ‘தாக்கம்’ என்று கௌரவப் பெயர் வேறா?
– வாசகர், தல்லாகுளம்

கோபம் புரிகிறது. ஆனால் மூன்று காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பதிவின் துண்டை அப்படியே வெட்டி வைப்பது சாம்பிள். மெட்டைத் தாங்களே மறுபடி பாடி வாசிப்பது இன்னொன்று. தாளத்தின் நடையை மட்டும் எடுப்பது மூன்றாவது. ஜமைக்காவில் ஒரே ‘ரிடிம்’ மேல், அதாவது ஒரே தாள-பேஸ் அடித்தளத்தின் மேல், பத்துப் பதினைந்து பேர் பாடுவது வழக்கம். மேலே சொன்ன ‘தீவாளி’யிலேயே வேன் வொண்டரும் பாடினார், நியூயார்க்கின் லுமிடியும் பாடினார். அங்கே அது திருட்டாகப் பார்க்கப்படவில்லை, சபையில் ஒரே பல்லவிக்குப் பலர் நிரவல் பாடுவதுபோல. ஆனால் அந்த ஊரைத் தாண்டி கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்துக்கு அதே தாளம் போகும்போது, உருவாக்கியவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. டெம்போ தாளத்தின் மூலமான ‘ஃபிஷ் மார்க்கெட்’டை 1989 இல் அமைத்த ஸ்டீலி – கிளீவி தரப்பு 2021 இல் அமெரிக்காவில் வழக்கே போட்டது. அந்த வழக்கில் என் மனம் அவர்கள் பக்கம்தான்.

நீங்களே பாட்டு செய்கிறவரானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ‘ஐந்து விநாடிக்குள் எடுத்தால் அனுமதி தேவையில்லை’ என்று ஊரில் சுற்றும் விதி சட்டத்தில் கிடையாது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவுக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, வரிகளுக்கு ஒரு உரிமை. சாம்பிள் எடுத்தால் பதிவு உரிமையாளரையும் கேட்க வேண்டும், இசையமைத்தவர் தரப்பையும் கேட்க வேண்டும். தாள நடையைப் பார்த்து நீங்களே புதிதாக அமைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி இல்லை. பேடை எடுத்து உட்கார்ந்து அமைப்பதே நல்ல வழி.

பிள்ளைகள் இந்தப் பாட்டுகளை விடாமல் கேட்கிறார்கள். வார்த்தைகள் மோசமாக இருக்குமோ என்று பயம்.
– ஒரு தாய், வாடிப்பட்டி

சில பாட்டுகளில் இருக்கும்தான். டான்ஸ்ஹாலில் பச்சையான பேச்சுக்கென்றே ஒரு வகை உண்டு. தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களை வெறுக்கும் வரிகளுக்காக உலகெங்கும் கண்டனம் பெற்ற பாடகர்களும் உண்டு. ஜமைக்கப் பேச்சுமொழியில் இருப்பதால் பிள்ளைகளுக்கே பொருள் தெரியாமல் ஓடும். பாட்டுச் செயலிகளில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து சின்னக் கட்டத்தில் இருந்தால் கடுமையான சொல் உண்டு என்று அர்த்தம். அமைப்புகளில் அதை மறைக்கும் வசதியும் இருக்கிறது. பாப் குழுக்களின் பாட்டுகளில் பெரும்பாலும் வானொலிக்கென்று சுத்தப்படுத்திய பதிப்பும் இருக்கும். பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பாட்டின் வரிகளைப் படித்துப் பாருங்கள் அம்மா, தடை போடுவதைவிட அது நிற்கும்.

நம்ம ஊர் இசைக்கும் இதுக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா? உறுமி வாசிக்கிற குடும்பம் எங்களுடையது. இந்த பீட்டோடு சேர்க்கலாமா?
– வாசகர், செல்லூர்

உண்டு. பிளாக் ஐட் பீஸின் அதே 2003 ஆல்பத்தில் ‘எலிஃபங்க் தீம்’ என்ற பாட்டு, 1985 இல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பாட்டிலிருந்து சாம்பிள் எடுத்தது. இசை, அன்று மதுரை மாவட்டத்திலிருந்த பண்ணைப்புரத்தின் இளையராஜா. 1996 இல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் பிரிட்டனின் அப்பாச்சி இந்தியன், ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘நோ பிராப்ளம்’ பாடி நேரிலேயே திரையில் தோன்றினார். டான்ஸ்ஹால் நம் கொட்டகைகளுக்கு வந்தது அந்தப் பாட்டில்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த எம்.ஐ.ஏ. 2007 இல் வெளியிட்ட ‘காலா’ ஆல்பத்தில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ ஒரு பாட்டில் ஒலிக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் உறுமியே வாசிக்கப்பட்டிருக்கிறது. ‘பாய்ஸ்’ பாட்டுக்குப் படம் பிடித்தது ஜமைக்காவில். உறுமியின் இடியில் ஜமைக்கக்காரர்கள் ஆடுவதை அதில் பார்க்கலாம்.

சேர்ப்பது எப்படி? உறுமி இரண்டு முகம் கொண்டது: வலது பக்கம் குச்சி அடிக்கும், இடது பக்கம் வளைந்த குச்சி தேய்த்து உறுமும். அடிக்கும் பக்கத்தை 1, 4 இல் கிக்கோடு வையுங்கள். தேய்ப்பை ஸ்நேர் விழுந்த பிறகு தொடங்கி, அடுத்த 1 வருவதற்குள் முடியுங்கள். பேஸ் கிட்டார்க்காரர் அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே தாழ்ந்த இடத்தில் பேசுவதால் மோதினால் உறுமல் காணாமல் போகும். மைக்கை இடது முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். தேய்க்கும்போது வரும் கீச்சொலி குறையும், உறுமல் முழுசாகக் கிடைக்கும். கச்சேரிக்கு முன் தோலைச் சூடு காட்டிச் சரிசெய்வீர்கள் அல்லவா, அதைப் பேஸ் கிட்டாரின் சுதி பார்த்த பிறகு செய்யுங்கள்.